இரண்டு 'அவள்', ஒரு புது உலகம்: பெண்–பெண் காதலை வைத்து ஃபேண்டஸி, அறிவியல் புனைவு நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுவோம். எழுதியதை வாசிப்போம், திட்டுவோம், காப்பி குடித்துவிட்டுக் கலைவோம். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு நாவலை முடித்தேன். இரண்டு பெண்களின் காதல், தாமிரபரணி மாதிரி ஓர் ஆறு, மழைக்கு முந்தி குரல் கொடுக்கும் ஒரு தெய்வம், அவ்வளவுதான் கதை. ஆனால் மூன்று தடவை முதலிலிருந்து எழுத வேண்டி வந்தது. எழுத்து மோசம் என்பதால் அல்ல, வரிசை தப்பியதால். பிறகு வந்தவர்களும் அதே கல்லில்தான் தடுக்கினார்கள். அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வரைபடம். அழகாக வேண்டாம், பழைய நோட்டின் பின்னட்டையில் கோடு போட்டால் போதும். ஆறு, மலை, கடல், இரண்டு ஊர், நடுவில் எத்தனை நாள் நடை. காதல் கதையில் தூரம்தான் அடுத்த சந்திப்பு எப்போது என்பதை முடிவு செய்யும். இதைப் பாதியில் வரைந்தால் முதல் பத்து அத்தியாயமும் பொய்யாகிவிடும்.

ஒரு சொல் நோட்டு. உங்கள் ஆச்சி சொல்லும் சொற்களை அதில் எழுதுங்கள்: அங்கணக்குழி, முடுக்கு, வளவு, வெஞ்சணம், கோட்டி, சேக்காளி. புது உலகத்துக்குச் சொல் உண்டாக்குகிறேன் என்று வாயில் நுழையாத பெயர்களை அடுக்குவதைவிட, மறந்துபோன ஒரு ஊர்ச்சொல் பத்து மடங்கு புதுசாகக் கேட்கும்.

பேசுவதற்கான சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், லெஸ்பியன் ஆகியவை இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. 2022இல் தமிழ்நாடு அரசே மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இவை உங்களுக்கும் பின்னட்டைக் குறிப்புக்கும் பயன்படும். இரண்டு நிலா உள்ள நாட்டில் வாழும் பாத்திரம் "நான் தன்பாலீர்ப்பு கொண்டவள்" என்று பேசினால் அரசாணை வாசிப்பது போல இருக்கும். அவர்கள் உலகத்தில் அதற்கு என்ன பெயர் என்பதை அந்த உலகம்தான் சொல்ல வேண்டும்.

கற்பனை மொழிக்கு இலக்கணம், பன்னிரண்டு அரச வம்சம், நாள்காட்டி இதெல்லாம் இப்போது வேண்டாம். ஒரு தம்பி இரண்டு வருஷம் நாள்காட்டி போட்டான். நாவல் இன்னும் தொடங்கவில்லை.

2. முதலில் உலகத்தின் முறையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் மந்திரத்தை முதலில் யோசிக்கிறார்கள், இல்லையென்றால் ராக்கெட்டை. இரண்டுமே அப்புறம். முதல் கேள்வி இது: உங்கள் உலகத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரே அடுப்பைப் பற்றவைத்தால் ஊர் என்ன செய்யும்?

மூன்று விடைதான் உண்டு. ஊர் ஒன்றும் செய்யாது, அது சாதாரணம். அல்லது ஊர் தடுக்கும். அல்லது ஒரு நிபந்தனையோடு அனுமதிக்கும். புதிதாக எழுதுபவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே.

கல்லூரிப் பெண் ஒருத்தி எழுதி வந்த கதையில் முந்நூறு வருஷமாக ராணிகள் ஆளும் நாடு. கூந்தன்குளத்துக்கு வரும் செங்கால் நாரை அளவில் அல்ல, யானை அளவில் பறவைகள். அதன் மேல் ஏறித்தான் பெண்கள் போருக்குப் போகிறார்கள். அவ்வளவு துணிச்சலான உலகத்தில் அம்மா பாத்திரம் வாயைத் திறந்து, "நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்கிறது. "அந்த நாலு பேரு யாருட்டி?" என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. அந்த நாலு பேர் அவள் தெருவிலிருந்து கூடவே வந்துவிட்டவர்கள்.

இதைத் தவிர்க்க ஒரு பக்கம் எழுதுங்கள், நாவலுக்காக அல்ல, உங்களுக்காக. யார் வீட்டில் யார் போய் வாழ்வது? நிலம் யார் பேரில்? குழந்தை எப்படி வரும், யாரை எப்படிக் கூப்பிடும்? ஒருத்தி செத்தால் கொள்ளி யார் வைப்பது? பொங்கல் சீரான பொங்கப்படி எந்த வீட்டிலிருந்து வரும்? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் உலகம் தானாக எழுந்து நிற்கும்.

முறை என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் திருகிப் பாருங்கள். நம் உறவுமுறையில் அத்தை மகள் ஆணுக்கு முறைப்பெண், பெண்ணுக்கு மைனி, அதாவது மதினி. உங்கள் உலகத்தில் பெண்ணும் பெண்ணும் கட்டலாம் என்றால் மைனியும் முறைதானே? அப்படியானால் குடும்பம் சும்மா இருக்குமா? "அத்தை மகளைக் கட்டு, சொத்து வெளியே போகாது" என்று இரண்டு பெண்களை வற்புறுத்தும். கதாநாயகி அந்த மைனியை வேண்டாம் என்று சொல்லி, வெளியூர்க்காரியை விரும்புகிறாள். பாருங்கள், தடை வந்துவிட்டது, கதையும் வந்துவிட்டது. வெறுப்பு ஒரு துளி தேவைப்படவில்லை. இப்படி ஒரு திருப்பம் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் லேசில் தோன்றாது. நம் கையிலேயே கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை, நிபந்தனையோடு அனுமதிப்பது. என் நாவலில் அணைக்கட்டுக் காவல் செய்யும் பெண்கள் இருவர் இருவராக வாழலாம். ஒருத்தி காவலை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அந்த ஒரு விதி முந்நூறு பக்கத்தை இழுத்துக்கொண்டு போனது.

எதிர்காலத் தமிழ்நாட்டில் நடக்கும் அறிவியல் புனைவு என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்க முடியாது. நாலு தேதிகளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமல்ல என்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வெளியேறி வந்த இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை 'மாற்ற' முயலும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு பெண் இணையரின் வழக்கில், திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்றது. உங்கள் கதை 2070 என்றால், இந்தக் கோடு எந்தப் பக்கம் வளைந்தது என்று ஒரு வரியாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சாதியை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. ஆணும் பெண்ணும் சாதி தாண்டினாலே அரிவாள் தூக்கும் சீமை இது. உங்கள் 2070இல் சாதி காணாமல் போய்விட்டது என்றால் எப்படிப் போனது என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நம் மாவட்டத்து வாசகர் பத்தாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

3. தடை அந்த முறையிலிருந்து வர வேண்டும்

இது சின்ன படி. ஒரே ஒரு சோதனை: இருவரில் ஒருத்தியை மனதுக்குள் ஆணாக மாற்றிப் பாருங்கள்.

முதல் வகை உலகத்தில், அதாவது ஊர் கண்டுகொள்ளாத உலகத்தில், தடை அப்படியே நின்றால் சரி. அங்கே தடை போராகவோ கடமையாகவோ பொய்யாகவோ இருக்க வேண்டும். மற்ற இரண்டு வகையில் தடை அப்படியே நின்றால் தப்பு. அவர்கள் பெண்கள் என்பது கதையைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

4. ஊரிலிருந்து பெயரை அல்ல, இயக்கத்தை எடுங்கள்

நெல்லைக்காரர்கள் ஐந்திணையும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு என்று பெருமை பேசுவோம். பெருமையை விடுங்கள், அதை வேலை வாங்குங்கள். பொதிகையில் பிறக்கும் ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. மேலே மாஞ்சோலை மலை, கீழே முண்டந்துறைக் காடு, அம்பை, சேரன்மகாதேவி வயல்கள், உவரி, குலசைக் கடற்கரை. பாலைக்குத் திசையன்விளைப் பக்கம் செக்கச் சிவந்த தேரி மணல். ஒரே வாரத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு உலகம்.

திணைக்கு உரிப்பொருளும் தயாராக இருக்கிறது. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருப்பு, மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. புதியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு மலையில் சந்தித்து, வயலில் சண்டை போட்டு, கடற்கரையில் அழவிடுவார்கள். அடுத்தது என்ன என்று வாசகருக்கு முன்பே தெரிந்துவிடும். தலைகீழாகப் போங்கள். தேரியில் பிரிவோடு தொடங்கி, ஆற்றின் எதிர்ப்போக்கில் மலைக்கு ஏறட்டும்.

அடிக்கடி பார்க்கும் பிழை, பெயரை மட்டும் மாற்றுவது. தாமிரபரணியைத் தாம்ராணி ஆக்கிவிட்டால் ஃபேண்டஸி ஆகிவிடாது. ஆறு எப்படி வேலை செய்கிறது என்பதை எடுங்கள். எட்டு அணைக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ள கால் முதலில் நனையும், கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பான். மேல் அணையில் மடை திறக்கும் பெண்ணும் கடைமடை ஊர்ப் பெண்ணும் காதலித்தால், ஒருத்தி கைப்பிடியைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் மற்றவள் ஊரின் வயிறு தீர்மானமாகிறது. மந்திரமே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு அதில் பலம் இருக்கிறது.

மழையும் அப்படித்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது கிழக்கே தரை காய்ந்து, காற்று மட்டும் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றும். கிழக்குக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரே நாட்டில் இரண்டு மழைக்காலம்! இருவரும் ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும் ஒருத்தி பஞ்சத்தில் பிறந்தவள், மற்றவள் வெள்ளத்தில் பிறந்தவள்.

அறிவியல் புனைவுக்கு நம் ஊர் இன்னும் வசதி. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு அனுப்பும் ராக்கெட் இலங்கை மேல் போகாமல் இருக்க வளைந்து செல்ல வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். இந்தக் காரணம் தெரிந்தால், உங்கள் கதாநாயகி ஏறும் கலம் கரையில் நிற்பவளின் கண்ணுக்கு எந்தத் திசையில் மறையும் என்பதும் தெரியும். பார்க்காமல் கிழக்கே அனுப்பிய ஒரு கதையை ஏற்கெனவே வாசித்துவிட்டேன்.

அல்வா பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவை வரலாம். மூன்றாம் தடவை வந்தால் விளம்பரம்.

5. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஆசை

இருவரும் சந்திக்குமுன் இருவருக்கும் ஒரு நாள் எழுதுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம், மற்றவள் பெயரே வரக்கூடாது. காலையில் எதற்காக எழுகிறாள், யாரிடம் கடன் வைத்திருக்கிறாள், எதைச் செய்தால் கை வலிக்கிறது.

ஏன் இந்த வேலை? காதலுக்காக அவள் எதை இழப்பாள் என்று தெரியாவிட்டால் காதலுக்கு எடை வராது. பத்தமடைப் பக்கத்துப் பாய் நெய்பவளை வைத்தால், கோரையை ஆற்றில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, காயவைத்து, நாள் கணக்கில் ஒரு பாய்க்கு உட்காருகிறவள் அவள். பொறுமையும் கணக்கும் அவள் உடம்பிலேயே இருக்கும். அப்படிப்பட்டவள் காதலிலும் எண்ணிக்கொண்டுதான் இருப்பாள். "இன்னிக்கு அவ மூணு தடவை சிரிச்சா" என்று.

பிழை எங்கே வருகிறதென்றால், ஒருத்திக்கு வேலை, கவலை, கோபம் எல்லாம் இருக்கும். மற்றவள் காட்டிலிருந்து வரும் நீலக் கண்ணழகி, அவ்வளவுதான். அவளுக்குப் பசிக்கிறதா என்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள். தாஷா சூரி 2021இல் எழுதிய 'தி ஜாஸ்மின் த்ரோன்' நாவலை ஆங்கிலம் வாசிப்பவர்கள் இதற்காகவே பாருங்கள். சிறைவைக்கப்பட்ட இளவரசி ஒருத்தி, அங்கே துப்புரவு செய்யும் பணிப்பெண் ஒருத்தி. இருவருக்கும் தனித்தனி அரசியல் கணக்கு. அந்தக் கணக்குகள் மோதுவதால்தான் காதல் சூடாக இருக்கிறது.

6. ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

தமிழில் காதல் எழுதும்போது பாதி வேலை இங்கே முடிந்துவிடும். ஆங்கில நாவல்களை மட்டும் வாசித்துவிட்டு வருபவர்கள் இருவரையும் முதல் பக்கத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட வைக்கிறார்கள். நம் ஊரில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஒரு வயது மூத்தாலும் அக்கா. அண்ணன் கட்டியவள் மைனி. சமவயது என்றால் ஏட்டி.

ஒரு அட்டவணை போடுங்கள். முதல் சந்திப்பில் என்ன சொல், பத்தாம் அத்தியாயத்தில் என்ன, சண்டையில் என்ன, பிறர் முன்னால் என்ன, தனியாக இருக்கும்போது என்ன. சொல் மாறும் இடங்கள்தான் உங்கள் காதலின் மைல்கற்கள்.

என் நாவலில் மூத்தவள் அணைக்கட்டு அதிகாரி. இளையவள் எண்பது பக்கம் வரை "அக்கா, வாங்க, சொல்லுதிய" என்றுதான் பேசுகிறாள். வெள்ளம் வந்த இரவில் மடைப்பலகை நழுவும்போது, "பைய விடுட்டி!" என்று கத்திவிடுகிறாள். வெள்ளம் வடிந்த பிறகும் அந்த 'ட்டி' வடியவில்லை. வாசித்த மூன்று பேர் அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் நின்றோம் என்றார்கள். நான் அதற்கு முன் முதல் முத்தத்துக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அந்த 'அவிய'. நெல்லைப் பேச்சில் மரியாதைக்கு அவிய என்றால் ஆணா பெண்ணா தெரியாது. பூமியில் இருக்கும் அம்மாவிடம் மகள் கதிர்ப்பேசியில், "அவிய சாப்ட்டாவளான்னு பாத்துட்டு வாரேன்" என்கிறாள். அம்மா மருமகன் வந்துவிட்டான் என்று சந்தோஷப்படுகிறாள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் முந்நூறு பக்கம் மறைக்கலாம். நம் வட்டார வழக்கு இலவசமாகக் கொடுக்கும் மந்திரக் கம்பளி அது.

சேக்காளி என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். ஊருக்கு அது தோழி. இருவருக்கு மட்டும் அது வேறு.

7. 'அவள் அவளை' என்ற சிக்கல்

எல்லோரும் விழும் பள்ளம் இது. இந்த வரியைப் பாருங்கள்:

"அவள் அவளைப் பார்த்தாள். அவள் கையை அவள் பற்றியபோது அவள் கை நடுங்கியது."

யார் கை? ஆண்–பெண் காதலில் அவன், அவள், வினைமுற்றின் விகுதி மூன்றும் சேர்ந்து காப்பாற்றிவிடும். இங்கே இருவருக்கும் அவள், இருவருக்கும் -ஆள். எழுதியவருக்கு மட்டும் புரியும்.

முதல் மருந்து 'தன்'. "அவள் தன் கையை விலக்கினாள்" என்றால் விலக்கியவளின் கைதான், சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்த வசதி இவ்வளவு கிடையாது. நாம் ஏனோ இதைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, எழுவாயை விழுங்கிவிடுவது. "பாயைச் சுருட்டினாள். மூலையில் சாய்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை." செய்பவள் மாறாதவரை பெயரும் வேண்டாம், அவளும் வேண்டாம். மாறும் கணத்தில் மட்டும் பெயரைப் போடுங்கள்.

மூன்றாவது, அத்தியாயத்துக்கு ஒருத்தி தன்மையில் பேசுவது. 'நான்', 'அவள்' என்று பிரிந்துவிடும். சுலபம்தான். ஆனால் இரண்டு குரலும் ஒரே மாதிரி கேட்டால் வாசகர் அத்தியாயத் தலைப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டுவார். ஒருத்தி தேரிக்காட்டுக்காரி, மற்றவள் ஆற்றங்கரைக்காரி என்றால் உவமைகூட மாற வேண்டும். பனையும் பதனீரும் கருப்பட்டியும் ஒருத்தி வாயில், மடையும் வரப்பும் மற்றவள் வாயில்.

நாலாவது, ஒருத்தியை 'அவர்' என்று வைப்பது. அதிகாரி, குரு, கப்பல் தலைவி யாராக இருந்தாலும் கதைசொல்லியே அவர் என்று எழுதிக்கொண்டு வந்து, ஒரு குறிப்பிட்ட வரியில் அவள் என்று மாறினால், அந்த வரியில் யார் யாரிடம் விழுந்தார்கள் என்பதை வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாவலுக்கு ஒரு தடவைதான் செய்யலாம்.

செய்யக்கூடாதது ஒன்று: "உயரமானவள்", "கருத்தவள்", "சுருட்டைமுடிக்காரி" என்று வரிக்கு ஒரு அடைமொழி. ஆளைப் பார்க்க முடியாமல் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்போம். தொழிற்பெயர் பரவாயில்லை, மடைக்காரி, பாய்க்காரி என்று, அதுவும் அளவாக.

வாசித்துப் பார்க்கும் முறை: சண்டைக் காட்சியையும் நெருக்கமான காட்சியையும் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். அவர் "யாரு?" என்று கேட்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். என் முதல் கைப்பிரதியில் நாற்பத்தியொரு புள்ளி.

8. இப்போது மந்திரத்தையும் ராக்கெட்டையும் உள்ளே விடுங்கள்

இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. முறை, தடை, இடம், ஆட்கள், பேச்சு எல்லாம் நின்ற பிறகுதான் எந்த மந்திரம் இவர்களை அதிகம் தொந்தரவு செய்யும் என்று தெரியும். தொந்தரவு செய்யாத மந்திரம் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு.

செவ்வாய்க்கும் பூமிக்கும் நடுவில் ஒரு சொல் போய்ச் சேரவே, கோள்களின் தூரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதிலுக்கு இன்னும் அவ்வளவு. இந்த நிலையில் ஊடல் எப்படி நடக்கும்? "சவத்துமூதி, பேசாத" என்று அனுப்பிய பத்தாவது நிமிடம் மனது மாறி, மன்னிப்பு அனுப்புவாள். வசவு போய்ச் சேரும்போது மன்னிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். காதல் காட்சி எழுத இதைவிட நல்ல இயற்பியல் எது? அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டனும் 2019இல் சேர்ந்து எழுதிய குறுநாவல் ஒன்று, எதிரெதிர் அணியில் இருக்கும் இரு உளவாளிகள் காலத்தின் குறுக்கே எழுதும் கடிதங்களாலேயே காதலைக் கட்டுகிறது. கடிதம் தாமதமாவதுதான் அங்கேயும் அடுப்பு.

இன்னும் தூரம் போனால், ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் பயணிப்பவளுக்கு ஒரு வருஷம் கழியும்போது ஊரில் சுமார் ஏழு வருஷம் கழியும். போனவள் இரண்டு வருஷத்தில் திரும்புகிறாள். கரையில் நின்றவளுக்குப் பதினாலு வருஷம். அத்தனை வருஷமும் "எப்பட்டி கல்யாணம்?" என்ற கேள்வியைத் தனியாகச் சமாளித்தவள் அவள். கலத்தில் போனவளைவிட இவள்தான் நாவலுக்குரியவள் என்பேன்.

ஃபேண்டஸிக்கு ஊரிலேயே விதை இருக்கிறது. குலசை தசராவில் நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறார்கள். காளி, குறத்தி, ராஜா, பிச்சைக்காரர். வேடம் போட்டவரை அந்த வேடமாகவே ஊர் நடத்தும். வேடம் போட்டவரின் பெயரைக் கேட்பது குற்றம் என்று ஒரு நாடு இருந்தால்? பத்து நாள் கழித்து வேடத்தைக் கலைக்க மறுக்கும் இருவர் இருந்தால்? எடுத்துக்கொள்ளுங்கள், தருகிறேன்.

9. தொடுதல்

நெல்லைத் தெருவீடுகளில் முன்பக்கத் தார்சாவில் நின்றால் பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை தாண்டிப் புறவாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். தனிமை என்பதே கிடையாது. விண்கலமும் அப்படித்தான். அதனால் தனியறைக் காட்சியை எளிதாக எழுதிவிடாதீர்கள். கிடைத்தற்கரியதாக வையுங்கள்.

நம் ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் தொடுவது ஊருக்குத் தப்பாகவே தெரியாது. தலை பின்னுவார்கள், பேன் பார்ப்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள், ஒரே பாயில் படுப்பார்கள். உங்கள் காட்சிக்கான கேள்வி: இத்தனை தொடுதலில், அவர்களுக்கே முதன்முதலாகச் சந்தேகம் வந்த தொடுதல் எது? அதை மட்டும் விரிவாக எழுதுங்கள். ஒளிந்து பார்க்கும் மூன்றாவது ஆளுக்காக எழுதினால் ஒரே வரியில் தெரிந்துவிடும். அந்த வரியில் கை போகும் இடம்தான் இருக்கும், பயமோ சிரிப்போ இருக்காது.

10. முடிவில் பீடம் கட்டாதீர்கள்

இரு பெண்களில் ஒருத்தியைச் சாகடித்து முடிப்பது பழைய நோய். 1872இல் வந்த 'கார்மில்லா' என்ற குறுநாவலிலேயே பெண்ணைக் காதலிக்கும் இரத்தக்காட்டேரிக்கு நெஞ்சில் ஆப்பு அடித்துத்தான் கதை முடிகிறது. பிறகு எத்தனையோ தொலைக்காட்சித் தொடர்கள்.

நம் பக்கத்தில் இந்த நோய்க்கு உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாகிறார், ஊர் பீடம் போட்டுக் கொடை கொடுக்கிறது. இசக்கி கதைகளின் பலமும் அங்கேதான். அதனால் மச்சுக்கு வந்த கைப்பிரதிகளில் பாதிக்கு மேல் இப்படி முடிந்தன: இருவரையும் ஊர் கொல்கிறது, இருவரும் இரட்டை அம்மனாக நிற்கிறார்கள், மழை பெய்கிறது. எழுதியவர்கள் கண்ணீரோடு வாசித்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பீடம் கொன்றவர்களின் பயத்துக்காகக் கட்டப்படுவது. செத்தவளுக்கு அதில் ஒன்றும் இல்லை, அவளுக்குக் கிடைக்க வேண்டியிருந்தது ஒரு வீடு. ஃபேண்டஸியில் டிராகனைப் பறக்கவிட முடிகிற உங்களால் இரண்டு பெண்களை அறுபது வயது வரை உயிரோடு வைக்க முடியாதா?

சாவே கூடாது என்று சொல்லவில்லை. போர்க் கதையில் சாவு வரும். ஆனால் காதல் சேர்ந்த அடுத்த அத்தியாயத்திலேயே வந்தால், அது தண்டனை மாதிரித்தான் வாசகருக்குத் தெரியும். பீடம் வேண்டுமென்றே தோன்றினால் முதல் அத்தியாயத்தில் வையுங்கள். தெய்வமாக்கிவிட்ட ஊருக்கு அந்த இருவரும் உயிரோடு திரும்பி வந்து, "எங்களுக்குப் பொங்கல் வேண்டாம், எங்க நிலத்தைக் கொடுங்க" என்று கேட்கட்டும்.

11. யாரிடம் முதலில் காட்டுவது

முதலில் கதை மட்டும் பார்ப்பவரிடம். அப்புறம் இந்த வாழ்க்கையை வாழும் பெண் ஒருவரிடம், அவர் விரும்பினால் மட்டும். கடைசியில் வட்டார வழக்கு தெரிந்த ஒரு பெரியவரிடம். வரிசையை மாற்றினால், கதையே இன்னும் உறுதியாகாத நிலையில் எழுவாய்ப் பிழை திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாமவரிடம் போகும்போது, அவர் கதையைக் கேட்டு எடுத்துக்கொள்ளப் போகாதீர்கள். யாராவது நம்பிச் சொன்னதை எழுதினால் ஊர், தொழில், வயது, எல்லாவற்றையும் மாற்றுங்கள். நம் ஊரில் மூன்று துப்பு போதும், வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது ஒரு பக்கச் சுருக்கத்தில் இருவரும் பெண்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நான் எழுதவில்லை. ஒரு பதிப்பகம் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, "ஒருத்தியை ஆணாக்கினால் போடலாம்" என்றது. கோபத்தில் உட்கார்ந்து மாற்றியே பார்த்தேன். முதல் அறுபது பக்கம் அலுங்காமல் மாறியது, அங்கே தப்பு என்னுடையது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு மேல் தலை பின்னும் காட்சி வந்தது, 'அவிய' வந்தது, வெள்ளத்து 'ட்டி' வந்தது. ஒன்றும் நகரவில்லை. அந்த முதல் அறுபது பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மூன்றாம் தடவை எழுத ஆரம்பித்தேன்.